சீன ஊசியும் நான் தீத்திய சோறும்

எங்கள் வீட்டுக்கு இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சீன வைத்தியரின் விலாசம் கேட்டுத்தான் வருகிறார்கள். டென்மார்க்கில், இந்த ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற தமிழர் யாருக்காவது கை விறைத்தால், கால் மரத்தால், வாய் கொஞ்சம் கோணினால், ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி எங்கள் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள். வந்தவரைச் சோபாவில் இருத்திவிட்டு இவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிப்பார். மோதிர விரலும் சின்ன விரலும் சொல்வழி கேளா. அந்த இரண்டையும் மற்றக் கையால் மூடிக்கொள்வார்.

“பாரிசவாதம் அடிச்சு விழுந்த கை. சீனத்தியின்ர ஊசி பட்டுது, எழும்பிட்டுது” என்பார்.

இவர் என்றால் என் கணவர். ஐம்பது வருடமாக வாயால் பெயர் சொன்னதில்லை. எழுத்தில் மட்டும் எங்கிருந்து வரும்?

நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். வந்தவர்கள் “அக்கா சுகமோ” என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அந்தக் கை எப்படி எழும்பியது என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான் நான். ஆனாலும் எழுதத் தெரியும். எழுதும்போது எதிரில் ஒருவரும் இருக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி.

கை விழுந்த அன்றைக்குக் காலையில் இவர் குளியலறையில் சவரம் செய்துகொண்டு நின்றார். சவரக்கத்தி தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இவர் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் முகத்தில் ஒரு பக்கம் நுரை, மற்றப் பக்கம் முகமே கீழே வழிந்த மாதிரி. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கதைக்கிறவர் போல ஏதோ சொன்னார். நான் கோப்பன்ஹேகனில் இருக்கிற மகளுக்குப் போன் அடித்தேன், மகள் அம்புலன்சுக்கு அடித்தாள். பக்கத்துத் தெருவில் நிற்கிற வாகனத்தை நாட்டின் மற்றக் கரையில் இருந்து கூப்பிட வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் வாய் திறக்காத ஆள்.

மூளையில் இரத்தம் கட்டியாகி அடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் பயிற்சி நிலையத்திலுமாகச் சில வாரங்கள். முதலில் பேச்சு வந்தது, அதுவும் முழுதாக வந்தது. பிறகு கால் வந்தது; தடியோடு நடந்தார். வலது கை மட்டும் கொடியில் போட்ட ஈரத் துவாய் மாதிரித் தொங்கியது. பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது. அதைப் பார்த்து வைத்தியர்களுக்குச் சந்தோஷம். பாவித்தால் கை திரும்பும், பாவிக்காமல் விட்டால் திரும்பாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மத்தியானமே பிரச்சினை சோற்றுக் கோப்பையில் வந்தது. இவர் சோறு கையால்தான் சாப்பிடுவார். வலது கை கிடையாது. இடது கையால் சாப்பிடுவதா? அந்தக் கை வேறு அலுவலுக்கு உரியது, பேச்சுக்கே இடமில்லை. கரண்டி?

“கரண்டி குழந்தைப் பிள்ளையளுக்கு” என்றார். வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

நான் குழைத்து வாய்க்குள் வைத்துத் தீத்தினேன். அன்றையிலிருந்து மூன்று நேரமும் தீத்தினேன். குழந்தைப் பிள்ளைக்குக் கரண்டியாவது உண்டு என்று நினைத்தேன், சொல்லவில்லை. டெனிஷ்காரர் ஜன்னலுக்குத் திரை போடாத ஆட்கள். தெருவால் போகிற எல்லாருக்கும் எங்கள் சாப்பாட்டு மேசை தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நான் மட்டும் திரையை இழுத்து மூடுவேன். அவ்வளவு வெட்கம். ஆனால் எங்கள் ஆட்கள் நோயாளி பார்க்கத் திராட்சைப்பழமும் பால்மாப் பேணியும் கொண்டு வரும்போது அந்த வெட்கம் எங்கோ போய்விடும். “இப்பிடி ஒரு மனுசி கிடைக்கக் குடுத்து வைக்கோணும்” என்பார்கள். நான் நிலத்தைப் பார்ப்பேன். உள்ளுக்குள்ளே குளிர்ந்துபோய் இன்னும் ஒரு வாய் கூடத் தீத்துவேன். சட்டைப் பொத்தான் பூட்டுவதும் நான், சீப்பால் தலை இழுப்பதும் நான். விழுந்தது ஒரு கை. அதற்குப் பதிலாக இரண்டு கை வந்து சேர்ந்தால் எந்த மனிதர்தான் பழைய கையைத் தேடுவார்?

கொம்யூனிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, ஒரு டெனிஷ் பிள்ளை வருவாள். இருபத்தைந்து வயது இருக்கும். மழையோ காற்றோ, மஞ்சள் மழைச்சட்டை போட்டுச் சைக்கிளில் வந்து இறங்குவாள். வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி கொடுப்பது அவள் வேலை. தடித்த பிடி போட்ட கரண்டி கொண்டுவந்தாள். இவர் அதைப் பூச்சாடிக்குள் போட்டார். நல்ல கைக்கு ஒரு கையுறையை மாட்டிக் கட்டிவிட்டால் கூடாத கை தானாக வேலைக்கு வரும் என்றாள். இவர் மகளுக்குப் போன் அடித்து, கொம்யூன் தன்னைக் கட்டி வைக்கிறது என்று முறைப்பாடு சொன்னார். கடைசியில் அவள் ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கையும் சீவுகிற கத்தியையும் இவருக்கு முன்னால் வைத்தாள்.

“உருளைக்கிழங்கு சீவவோ நான் டென்மார்க்குக்கு வந்தனான்?” என்று இவர் தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார். அவளைப் பார்த்து டெனிஷில் “பிறகு, பிறகு” என்றார்.

அன்றைக்கு அவள் இவரை விட்டு என் பக்கம் திரும்பினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, டெனிஷில் சொன்னாள்: “நீங்கள் அவருக்கு எல்லாம் செய்கிறீர்கள். அதனால் அந்தக் கைக்கு வேலை இல்லை. அவர் கஷ்டப்படும்போது உங்கள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்துகொள்ளுங்கள்.”

“என்னவாம்?” என்ற மாதிரி நான் இவரைப் பார்த்தேன்.

“நீ நல்லாப் பாக்கிறியாம். இப்பிடியே பாக்கட்டாம்” என்றார் இவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு டெனிஷ் விளங்கும். வந்த புதிதில் மொழி வகுப்பில் ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் மறைந்து இருந்தே படித்து முடித்தேன். பிறகு இருபத்திரண்டு வருடம் ஒரு வயோதிபர் இல்லத்தில் துடைப்பு வேலை. வாயிலிருந்து “ஓம்”, “நன்றி” என்ற இரண்டும்தான் வரும். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. துடைக்கிறவளுக்கு முன்னால் எல்லாரும் எல்லாமும் கதைப்பார்கள். கதைக்கத் தெரியாது என்றால் விளங்காது என்றுதான் உலகம் நினைக்கிறது. இவரும் நினைத்தார். நானும் திருத்தவில்லை. விளங்கும் என்று சொன்னால் பிறகு கதைக்கச் சொல்வார்களே!

அதனால் இவருடைய மொழிபெயர்ப்புகளை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் மகளைப் புகழ்ந்தால், வீட்டுக்கு வரும்போது அந்தப் புகழில் பாதி தகப்பனுக்குப் போயிருக்கும். அது பரவாயில்லை. விழுவதற்கு முந்திய வருடம் வீட்டு வைத்தியர் இவரிடம் சொன்னார்: பிரஷர் மிகவும் கூட, குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் நான் இருந்தேன். வெளியே வந்ததும் இவர் சொன்னார்: “எல்லாம் சரியாம். வயசுக்கு நல்லா இருக்கிறனாம்.” நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு மத்தியானம் வழக்கம்போலக் கருவாடு பொரித்தேன். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கதை முழுக்க இவரைப் பழித்த கதையாகப் போய்விடும்.

சீன வைத்தியரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கடைக்காரத் தம்பி. எங்கள் ஆட்களுக்கு மரக்கறியும் மீனும் விற்கிறவர். கூடவே புத்தியும் விற்பார், கேளாமலே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சோபாவில் சாய்ந்தார். மகளும் கோப்பன்ஹேகனிலிருந்து வந்து நின்றாள்.

“அண்ணை, ரண்டர்ஸிலை ஒரு சீனத்தி இருக்கிறா. ஊசி குத்துறா. வாதம் வந்து படுக்கையிலை கிடந்த ஆள், குத்தின மறுநாள் எழும்பித் தன்ர காரைத் தானே கழுவினவராம்.”

“ஆர் அந்த ஆள்?” என்று மகள் கேட்டாள்.

“ஆள் எனக்குத் தெரியாது பிள்ளை. என்ர மச்சானுக்குத் தெரிஞ்ச ஆளுக்குத் தெரியும்.”

மகள் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்கு விளங்கியது, அதை எழுத மாட்டேன். பிறகு தமிழில் வந்தாள். “அப்பா, கொம்யூன் பிள்ளை சொன்ன பயிற்சியை நீங்கள் ஒருக்காவாவது செய்தனீங்களோ?”

“அதென்ன பயிற்சி? கிழங்கு சீவுறது வைத்தியமே?” என்றார் இவர். “அந்த மனுசி என்ன செய்யச் சொல்லுவா?” என்று கடைக்காரத் தம்பியைக் கேட்டார்.

“ஒண்டும் செய்யத் தேவையில்லை அண்ணை. நீங்கள் சும்மா படுத்தால் சரி. மிச்சத்தை ஊசி பாக்கும்.”

இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கலியாண வீட்டிலும் கண்டதில்லை.

அடுத்த கிழமை கடைக்காரத் தம்பியின் காரில் புறப்பட்டோம். ஒன்றரை மணித்தியால ஓட்டம். கடைக்காரத் தம்பி வழி முழுக்கச் சீனாவின் ஐயாயிரம் வருட வைத்தியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே போனால் சிவப்பு விளக்கும் சாம்பிராணிப் புகையும் நடுவில் பட்டு அங்கி போட்ட ஒரு கிழவியும் இருக்கும் என்று மூன்று பேருமே நினைத்துவிட்டோம் போல. போய்ப் பார்த்தால், பல் வைத்தியருக்கு மேல்மாடியில் ஒரு வெள்ளை அறை. வெள்ளை மேசை, மெல்லிய கடதாசி விரித்த கட்டில். என் வயதில் ஒரு குள்ளமான அம்மா, ஓடுகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து கை கொடுத்தார். கடைக்காரத் தம்பி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், வைத்தியர் எங்கே என்று.

வைத்தியர் அம்மா இவருடைய இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, நிறைய நேரம் நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். இவர் மாட்டேன் என்றார். ஒரு பொம்பிளைக்கு முன்னால் நாக்கை நீட்டுவது சரியில்லையாம்.

“நீட்டுங்கோ அண்ணை, அது அவயின்ர முறை” என்றார் கடைக்காரத் தம்பி.

நீட்டினார். ஒரு பக்கம் சரிந்து வந்தது. மேலே மஞ்சளாகத் தடித்த படை என்று வைத்தியர் அம்மா எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார். அவருடைய டெனிஷ் என் காதுக்கு நல்ல சுகம். டெனிஷ்காரரைப் போல அரைச் சொல்லை விழுங்க மாட்டார்.

“எங்கள் பழைய புத்தகங்களில் இதற்குப் பெயர் காற்று அடித்தது. வெளிக்காற்று இல்லை, உள்ளே கிளம்புகிற காற்று. கோபம், கொழுத்த சாப்பாடு, உப்பு, ஓய்வில்லாத வேலை, இதெல்லாம் ஈரலைச் சூடாக்கும். சூடு மேலே ஏறினால் காற்று கிளம்பும். அது சளியையும் இழுத்துக்கொண்டு தலைக்குப் போகும். வழிகள் அடைபடும். கைக்கும் காலுக்கும் ஓட்டம் போகாது. உங்களுக்குக் கோபம் வருமா?”

“இல்லை” என்றார் இவர், உரத்து.

வைத்தியர் அம்மா என்னைப் பார்த்தார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

“காத்தாம் அக்கா, காத்து! பாத்தீங்களே, அவயின்ர அறிவை!” என்று கடைக்காரத் தம்பி எனக்கு மொழிபெயர்த்தார். வாதம் என்றால் காற்றுத்தான் என்று எங்கள் ஊரில் நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் சொன்னால் இதே தம்பி கொடுப்புக்குள் சிரிப்பார். சீனாவிலிருந்து வந்த ஒருவர் ரண்டர்ஸில் வைத்து டெனிஷில் சொன்னால் அது பேரறிவு.

ஊசிகள் மயிர் மாதிரி மெல்லியவை. தலையில் ஒரு வரிசை, முழங்கைக்குக் கீழே, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், முழங்காலுக்குக் கீழே. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிக்குக் கத்தின மனிதர் இங்கே முள்ளம்பன்றி மாதிரிப் படுத்துக்கொண்டு புன்னகை செய்தார். பிறகு வைத்தியர் அம்மா சுருட்டு மாதிரி ஒரு பச்சிலைச் சுருளைக் கொளுத்தி, தோலில் முட்டாமல் கைக்கு மேலே பிடித்தார். அந்தச் சூடு வழியைத் திறக்குமாம். கடைக்காரத் தம்பிக்குத் தான் எதிர்பார்த்த புகை கடைசியில் வந்துவிட்ட சந்தோஷம். மகளுக்குக் காட்டப் படம் பிடிக்க வேண்டுமென்று பின்பக்கமாக நடந்து, கதவை விரியத் திறந்துவிட்டார். புகை படிக்கட்டுப் பக்கம் போனது. அங்கே கூரையில் இருந்த நெருப்பு மணி கத்தத் தொடங்கியது. கீழே பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடி இருந்த ஆட்கள் அப்படியே தெருவுக்கு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் கடைக்காரத் தம்பி. பிறகு காரை விட்டு அவர் இறங்கவே இல்லை.

மணி நின்றபின் வைத்தியர் அம்மா ஊசிகளைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

“மூன்று விஷயம். ஆஸ்பத்திரிக் குளிசையில் ஒன்றையும் நிறுத்தக் கூடாது. இரத்தத்தை இளக்குகிற குளிசை எடுக்கிறீர்கள், அதனால் நான் மூலிகை தர மாட்டேன். ஊசி கதவைத் தட்டும், அவ்வளவுதான். எழும்பி வந்து கதவைத் திறக்க வேண்டியது உங்கள் கை. பயிற்சியாளர் சொல்கிறதை எல்லாம் செய்யுங்கள். மூன்று நேரமும் அந்தக் கையால் சாப்பிடுங்கள். சிந்தினால் சிந்தட்டும். இப்போது எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?”

“கையால்” என்றார் இவர்.

பொய் இல்லை. யாருடைய கை என்று அவர் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் கடைக்காரத் தம்பி ஆவலாகத் திரும்பினார். “என்னவாம் அண்ணை?”

“ஆறு மாசத்துக்குக் கையை அசைக்கக் கூடாதாம். அசைச்சால் காத்துத் திரும்ப ஏறுமாம். முழு ஓய்வு.”

“நான் சொன்னன் எல்லோ!” என்றார் கடைக்காரத் தம்பி.

பின் ஆசனத்தில் நான் ஜன்னலால், வயல்களில் சுழல்கிற மின்சாரக் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முப்பது வருடப் பழக்கம்.

அந்தப் பொய்க்குக் கால் முளைத்து ஹொல்ஸ்டெப்ரோ முழுக்க நடந்தது. கோயிலில் கேட்டார்கள், கடையில் கேட்டார்கள். “சீனாவிலை ஓய்வுதான் மருந்தாமே!” மூட்டு வலி என்று வேலைக்குப் போகாமல் படுத்தவரும் உண்டு. மஞ்சள் மழைச்சட்டைப் பிள்ளை வந்தபோது இவர் அவளுக்கும் அதையே சொல்லி, இனி வரவேண்டாம் என்றார். அவள் கதவடியில் நின்று கடைசியாகச் சொன்னாள். “விரல்கள் உள்ளுக்கு மடங்கத் தொடங்கிவிட்டன. மூடிக்கொண்டால் பிறகு திறப்பது மிகவும் கஷ்டம். யோசியுங்கள்.”

“அவளுக்கு வேறை இடத்திலை வேலையாம். இனி வரமாட்டாளாம்” என்று இவர் எனக்குச் சொன்னார்.

கை உண்மையிலேயே மூடிக்கொண்டு வந்தது. குளிக்க வார்க்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் உள்ளங்கையைத் தேய்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிழமையும் விரிக்கிற பலம் கூடத் தேவைப்பட்டது. ஒரு நாள் உள்ளங்கையில் நாலு நகத் தடம் பிறை பிறையாகச் சிவந்து கிடந்தது. துவாயால் ஒற்றிக்கொண்டு நின்றேன். கருவாடு பொரித்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அப்போது வாயை மூடியிருந்ததற்கு ஒரு கை போனது. இனியும் மூடினால் அந்தக் கை திரும்பி வராது.

ஏழாவது தடவை ரண்டர்ஸ் போனோம். இந்த முறை கடைக்காரத் தம்பியும் உள்ளே இருந்தார், கதவை விட்டுத் தூரமாக. வைத்தியர் அம்மா இவருடைய விரல்களை விரிக்கப் பார்த்து, முகம் சுருங்கி, கையை மேசையில் வைத்தார்.

“இந்தக் கை வேலை செய்கிற கை மாதிரி இல்லையே. ஒவ்வொரு நாளும் இதால் சாப்பிடுகிறீர்களா?”

“ஒவ்வொரு நாளும்” என்றார் இவர்.

சுவரில் இருந்த உடம்புப் படத்தில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடியவில்லை.

“இல்லை” என்றேன், டெனிஷில். “நான்.” கோப்பையிலிருந்து சோறு எடுத்து இவர் வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரிக் கையைக் காட்டினேன்.

அவ்வளவுதான். இரண்டு சொல்லும் ஒரு கைச்சாடையும்.

வைத்தியர் அம்மா என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். உறை பிரித்த ஊசியைக் கிண்ணத்தில் போட்டார். “சட்டையைப் போடுங்கள்” என்றார் இவரிடம். “நீங்களாகச் சாப்பிடத் தொடங்கினபிறகு வாருங்கள். ஆளில்லாத வீட்டுக் கதவை நான் தட்ட மாட்டேன்.”

சட்டைப் பொத்தானைப் பூட்ட என் கை தானாக எழும்பியது. பிறகு நினைவு வந்து கீழே இறக்கினேன். பொத்தான் பூட்டாமலே காருக்கு வந்தார். காற்றுக்குச் சட்டை கொடி மாதிரிப் பறந்தது.

கார் நெடுஞ்சாலைக்கு ஏறியது.

“அக்கா, உங்களுக்கு டெனிஷ் தெரியுமோ?” என்று கண்ணாடியால் பார்த்துக் கேட்டார் கடைக்காரத் தம்பி.

நான் தலையை ஆட்டினேன்.

“எப்ப தொடக்கம்?” இது இவர். திரும்பாமலே கேட்டார்.

“முப்பது வரியமா.”

இவர் தலைக்குள் முப்பது வருட மொழிபெயர்ப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வழியில் வீபோர் நகரம் தாண்டும்போது, “அப்ப அந்தப் பிரஷர் டொக்டர் சொன்னது...” என்று தொடங்கினார்.

“ஓம். விளங்கினது” என்றேன். “நானும் சொல்லாமல் விட்டிட்டன்.”

கடைக்காரத் தம்பி வானொலியைப் போட்டார். அவருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி பிடிக்காததால் இல்லை. வாழ்நாளிலேயே முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். குழையலாக, திரட்ட லேசாக வரட்டும் என்று சோற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் கூட விட்டிருந்தேன். கோப்பையை இவருக்கு முன்னால் வைத்தேன். எதிர்க் கதிரையில் இருந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் இருந்துகொண்டேன். இவர் வாயைத் திறந்தார். கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு மூடினார்.

“என்ன, பழிவாங்கிறியோ?”

நான் கோப்பையைக் கண்ணால் காட்டினேன். நேற்று இரண்டு நாளுக்குரிய கதை கதைத்தாயிற்று.

சோறு ஆறியது. இவர் எழும்பிப் போய்ப் படுத்தார். பின்னேரம் இடது கையால் தேத்தண்ணீர் குடித்தார், அது திரவம், அதற்குத் தடையில்லையாம். இரவும் கோப்பையை வைத்தேன், கையின் மேல் இருந்தேன். இரவும் படுத்தார். நான் அன்றைக்கு அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. பசியோடு படுத்த மனிதருக்குச் சோறு கொடுக்காமல் இருப்பது எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணும் செய்யாத வேலை. ஊருக்குத் தெரிந்தால் கொலைகாரி என்பார்கள். குடுத்து வைத்தவர் என்று சொன்ன அதே வாய்கள்தான் சொல்லும்.

மறுநாள் மத்தியானம் இவர் முதலில் என்னைத் திட்டினார். பிறகு சீனத்தியைத் திட்டினார். பிறகு மஞ்சள் மழைச்சட்டைப் பிள்ளையை, கொம்யூனை, டென்மார்க்கின் காலநிலையை. திட்டிக்கொண்டே இடது கையால் வலது கையைத் தூக்கிக் கோப்பைக்குள் போட்டார். குளத்துக்குள் கல் விழுந்த மாதிரிப் பருப்பு தெறித்தது. என் முகத்திலும் பட்டது. துடைக்கக் கை வேண்டும். கை தொடைக்குக் கீழே. அப்படியே இருந்தேன். விரல்கள் சோற்றுக்குள் ஊர்ந்தன. திரட்ட முடியவில்லை. சட்டையில் சோறு, மேசை விரிப்பில் சோறு, தடியில் சோறு. நெற்றி வேர்த்து, பல்லைக் கடித்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கொஞ்சத்தைக் கிள்ளினார். சீனத்தி ஊசி குத்திய அதே இடம். கை நடுங்கிக்கொண்டு மேலே வந்தது. பாதி வழியில் பாதி விழுந்தது. மிச்சம் வாயோரத்தில் ஒட்டி, நாக்கு எட்டிப்பிடித்து, உள்ளே போனது.

மென்றார். விழுங்கினார். என்னைப் பார்த்தார்.

“உப்பில்லை” என்றார்.

“இல்லைத்தான்” என்றேன். “இனி இப்பிடித்தான்.”

திரையை நான் மூட மறந்துபோயிருந்தேன் என்று பிறகுதான் கண்டேன். தெருவால் நாயோடு போன ஒரு டெனிஷ் மனுசி, சோற்றுக்குள் குளித்த ஒரு கிழவரையும், முகத்தில் பருப்போடு கையின் மேல் இருக்கிற ஒரு கிழவியையும் பார்த்து, மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டு போனாள்.

மகள் கொம்யூனுக்குப் போன் அடித்தாள். மஞ்சள் மழைச்சட்டை திரும்பி வந்தது. சீன ஊசிக்கும் திரும்பப் போனோம். வைத்தியர் அம்மா விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து எனக்குத் தந்தார், இவருக்குத் தரவில்லை. ஊசி உதவியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குத்திய அன்றைக்குக் கை கொஞ்சம் இளகி இருந்தது உண்மை. மூன்று விரல் வந்தது. இரண்டு வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு சீவுவது இவர்தான். தோலோடு பாதிக் கிழங்கும் போகும், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். வாசல் மணி அடித்தால் உடனே கத்தியையும் கிழங்கையும் பேப்பரால் மூடிவிட்டு, கையைத் துடைத்து, சோபாவுக்குப் போய்விடுவார். “பாரிசவாதம் அடிச்சு விழுந்த கை” என்று தொடங்கும். வந்தவர் வாயைப் பிளந்து கேட்பார். காற்று வரும், ஈரல் வரும், ஊசி வரும். கிழங்கு வராது.

விலாசத்தை எழுதிக் கொடுப்பது என் வேலை; இவருக்குப் பேனை இன்னும் பிடிபடவில்லை. ஒரு துண்டில் ரண்டர்ஸ் விலாசத்தை எழுதுவேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, நாலாக மடித்து, வந்தவரின் மனைவியின் கையில் கொடுப்பேன். போன மாதம் ஒருத்தி படிக்கட்டு இறங்கிப் போனவள் துண்டை விரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“அக்கா, கீழே என்னவோ எழுதிக் கிடக்கு. ‘வீட்டில் தீத்துவது ஆர்?’ எண்டு. இதென்ன, இதுவும் விலாசமோ?”

உள்ளேயிருந்து இவர் எட்டிப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன் பிள்ளை. வீட்டுக்குப் போய் முதலில் உன் கையின் மேல் இருந்து பார். பிறகு ரண்டர்ஸுக்குப் போ.